ரேடியேஷனுக்குப் பிறகு கல்லாக இறுகிவிட்ட இம்ப்ளான்ட்: மாற்றுவதா, எடுத்துவிடுவதா?

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று என் கதையை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 46. 2019ல் இடது மார்பகத்தில் கேன்சர். மார்பகத்தை முழுவதும் எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் மார்பு வடிவத்துக்காக உள்ளே சிலிக்கான் பை (இம்ப்ளான்ட்) வைத்தார்கள். பிறகு கீமோ, அப்புறம் 25 நாள் ரேடியேஷன். முதல் ஒன்றரை வருடம் நன்றாகத்தான் இருந்தது. அதன்பின் மெல்ல மெல்ல இறுக ஆரம்பித்தது. இப்போது இடது பக்கம் மேலே ஏறிப்போய், தொட்டால் கல்லாக இருக்கிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பித்தளைச் சொம்பின் மேல் படுத்தது போல இருக்கும். தோளைத் தூக்கிப் பரண் மேல் இருப்பதை எடுக்க முடியவில்லை.

போன மாதம் ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். தையல்கார அக்கா அளவு எடுக்கும்போது டேப்பை இடது பக்கம் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிவந்து பிரித்துப் பார்த்தால் இடது பக்கம் உள்ளே மெல்லிசாக ஒரு பஞ்சுத் துணி வைத்துத் தைத்திருந்தார், வெளியே வித்தியாசம் தெரியாதபடி. அன்று ராத்திரி நெடுநேரம் அழுதேன்.

டாக்டர் இதற்கு ‘கேப்ஸ்யூலர் கான்ட்ராக்சர், கிரேடு 4’ என்று எழுதியிருக்கிறார். மூன்று வழி சொன்னார். பழைய இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டுப் புதியது வைக்கலாம். வயிற்றுச் சதையை எடுத்து மார்பகம் செய்யலாம். இல்லையென்றால் எடுத்துவிட்டு அப்படியே தட்டையாக விட்டுவிடலாம். ‘யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை’ என்றார். வீட்டுக்காரரைக் கேட்டால் ‘உன் இஷ்டம்’ என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் அது எனக்கு உதவியாக இல்லை. மகளுக்கு மார்ச்சில் ப்ளஸ் டூ பரீட்சை. இதில் எதையாவது செய்துகொண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

திருச்சி அம்மா

தங்கச்சி, மனசு புண்படும்படி எதுவும் சொல்ல வரவில்லை. என் அக்காவும் இதே நோயில் போய்விட்டாள். அவ்வளவு பெரிய கண்டத்தைத் தாண்டி வந்திருக்கிறாய், பிள்ளை படிக்கிறாள், இந்த வயதில் இன்னொரு கத்தி தேவையா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அழகு இன்று இருக்கும், நாளை போகும். மயக்க மருந்து என்றாலே எனக்குப் பயம்.

தறிச்சத்தம் (ஈரோடு)

திருச்சி அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் இது அழகு விஷயம் இல்லை. கை தூக்க முடியவில்லை, ராத்திரி தூங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். பல்லில் வலி வந்தால் பிடுங்குவோம், கண்ணில் புரை வந்தால் எடுப்போம், அப்போது யாரும் அழகு என்று சொல்வதில்லை. மார்பு என்றவுடன் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது.

வைகைக்கரை, நீங்கள் சொன்னதில் முதல் இரண்டு வழியிலும் நான் நடந்துவிட்டேன். என்னுடையதும் ரேடியேஷன் பட்ட பக்கம்தான். முதல் தடவை இறுகியபோது சின்ன ஆபரேஷன் போதும் என்று நானே பிடிவாதமாக இருந்தேன். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார். இம்ப்ளான்ட்டை மாற்றினார்கள், சுற்றி வளர்ந்திருந்த சவ்வையும் (கேப்ஸ்யூல் என்பார்கள்) எடுத்தார்கள். 14 மாதம். மறுபடி இறுகியது, இந்தத் தடவை இன்னும் வேகமாக.

ரேடியேஷன் பட்ட தோலும் சதையும் பழைய மாதிரி திரும்புவதில்லை. ரத்த ஓட்டம் குறைந்து, நாராக இறுகிவிடுகிறது. அதற்குள் எவ்வளவு நல்ல இம்ப்ளான்ட் வைத்தாலும் உடம்பு மறுபடி அதைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது. வயிற்றிலிருந்து வருவது ரத்தக் குழாயோடு வரும் உயிருள்ள சதை, ரேடியேஷன் படாதது. அந்த வித்தியாசத்தை நான் இரண்டாவது தடவை படுத்தபிறகுதான் புரிந்துகொண்டேன்.

டீப் ஃப்ளாப் என்பார்கள். அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுப்பார்கள், வயிற்றுத் தசையை விட்டுவிடுவார்கள். அதன் ரத்தக் குழாயை நெஞ்சில் உள்ள குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். எனக்கு எட்டு மணி நேரம் ஆனது. முதல் ராத்திரி தூங்கவே முடியாது, சொல்லிவிடுகிறேன். மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து, புது மார்பில் விரலால் அழுத்திப் பார்த்து, சூடு பார்த்து, சின்ன மிஷின் வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பார். ‘ஷ்ஷு... ஷ்ஷு...’ என்று கேட்கும். முதலில் பயந்தேன். விடியும்போது அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்தேன்.

சத்தம் நின்றால் உடனே மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். பெரும்பாலும் நிற்பதில்லை, ஆனால் நூற்றில் சிலருக்கு நடக்கும். சதை பிழைக்காமலும் போகலாம். அந்தப் பேச்சை டாக்டரிடம் முன்பே பேசிவிட்டுப் போங்கள்.

நைட் டியூட்டி (சென்னை)

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். தறிச்சத்தம் அக்கா சொன்ன அந்த மணிக்கொரு தரம் வருகிற ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குள் எந்த அந்நியப் பொருள் போனாலும் சுற்றி ஒரு சவ்வு வரும், அதுதான் கேப்ஸ்யூல். எல்லோருக்கும் வரும், அது நோய் இல்லை. அது சுருங்கி இறுகும்போதுதான் தொல்லை. தொட்டால் மெத்தென்று இருந்தால் 1, கொஞ்சம் கெட்டியாக ஆனால் பார்வைக்குத் தெரியாமல் இருந்தால் 2, கெட்டியாகி வடிவமும் மாறினால் 3, அதோடு வலியும் சேர்ந்தால் 4. வைகைக்கரைக்கு 4 என்றால் மசாஜ், மாத்திரை என்று நாளைத் தள்ளுவதில் பெரிய பலன் இருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இறுகிவிட்டது என்று முடிவுகட்டும் முன், வேறு எதுவும் இல்லை என்று பார்த்தார்களா? கேன்சர் வந்த பக்கம் என்பதால் ஆன்காலஜி (கேன்சர்) டாக்டர் கையால் பார்த்து, ஸ்கேனும் எடுத்து ‘மறுபடி வரவில்லை’ என்று எழுதித் தரவேண்டும். அடுத்த பக்கத்துக்கு மேமோகிராம். இம்ப்ளான்ட் கிழிந்திருக்கிறதா என்று எம்ஆர்ஐ. சிலிக்கான் கிழிந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கும். அதனால்தான் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ, தொந்தரவே இல்லாவிட்டாலும் வைத்து 5 அல்லது 6 வருடத்தில் ஒரு தரம், பிறகு 2 அல்லது 3 வருடத்துக்கு ஒரு தரம் எம்ஆர்ஐயோ அல்ட்ராசவுண்டோ எடுக்கச் சொல்கிறது. இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வருகிற பொருள் இல்லை என்பதை முதல் ஆபரேஷனுக்கு முன்பே எல்லோரிடமும் சொல்ல வேண்டும். பலருக்குச் சொல்லப்படுவதில்லை. இது என் நெடுநாள் மனக்குறை.

உங்கள் கையில் இம்ப்ளான்ட் கார்டு இருக்கிறதா? அதில் மேற்பரப்பு வழவழப்பா, சொரசொரப்பா என்று போட்டிருக்கும்.

மல்லிகைப்பந்தல்

வீடியோக்களில் ‘என் பிளாக்’ முறையில், கேப்ஸ்யூலைப் பிரிக்காமல் இம்ப்ளான்ட்டோடு மொத்தமாகத்தான் எடுக்கவேண்டும், இல்லையென்றால் விஷம் உடம்பில் தங்கிவிடும் என்கிறார்களே? வைகைக்கரை அக்கா அதைக் கேட்டு வாங்கவேண்டாமா?

நைட் டியூட்டி (சென்னை)

நிறையப் பேர் இதைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

சொரசொரப்பான இம்ப்ளான்ட்டைச் சுற்றி அபூர்வமாக ஒரு வகை லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) வருகிறது. பெரும்பாலும் வைத்துப் பல வருடம் கழித்து, ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்கும். அந்த நீரை ஊசியில் எடுத்து சிடி30 என்று ஒரு சோதனைக்கு அனுப்புவார்கள். இந்தக் காரணத்தால்தான் 2019 ஜூலையில் எஃப்டிஏ கேட்டுக்கொண்டதன்பேரில் ஒரு வகை சொரசொரப்பு இம்ப்ளான்ட்டுகளை உலகம் முழுவதும் விற்பனையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அந்த நோய் உறுதியானால் கேப்ஸ்யூலோடு ஒரே கட்டியாக எடுப்பதுதான் சரியான சிகிச்சை. ஆனால் அந்த வகை இம்ப்ளான்ட் வைத்திருந்தும் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் பயந்து எடுத்துவிட வேண்டும் என்று எஃப்டிஏ சொல்லவில்லை.

நோய் இல்லாதபோது எல்லோருக்கும் ஒரே கட்டியாக எடுப்பது அவசியமும் இல்லை, சில சமயம் ஆபத்தும்கூட. ரேடியேஷன் பட்ட நெஞ்சில் கேப்ஸ்யூலின் பின்பக்கம் விலா எலும்பில் ஒட்டிக்கிடக்கும். அதைப் பிடித்து இழுத்தால் நுரையீரலை மூடியிருக்கும் சவ்வில் ஓட்டை விழலாம். எவ்வளவு எடுப்பது, எதை விடுவது என்று சர்ஜன் உள்ளே பார்த்துத்தான் முடிவெடுப்பார். எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா என்று கேளுங்கள். அந்தக் கேள்விதான் முக்கியம்.

தேம்ஸ்கரை (லண்டன்)

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே வளர்ந்தவள். எனக்குப் புற்றுநோய் இல்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு 2007ல் ஒரு தனியார் கிளினிக்கில் விரும்பிச் செய்துகொண்டது. அதனால் இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். அந்தக் கார்ட் விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

2010ல் பிரான்ஸில் பிஐபி என்ற கம்பெனி மருத்துவத் தரம் இல்லாத சிலிக்கானை நிரப்பி விற்றது அம்பலமானது. அதன் உரிமையாளர் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். பிரித்தானியாவில் மட்டும் 40,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு அது வைக்கப்பட்டிருந்தது. செய்தி வந்த அன்று இரவு நான் வீட்டு அலுமாரி முழுவதையும் கொட்டித் தேடினேன். என்ன கம்பெனி, என்ன அளவு, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. கிளினிக்கைத் தேடிப் போனால் அந்த இடத்தில் கைபேசிக் கடை. எனக்கு வைத்தது எது என்று தெரிய, திரும்பச் சத்திரசிகிச்சை செய்து திறந்து பார்க்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தது. நல்லவேளை, என்னுடையது பிஐபி இல்லை. ஆனால் அந்த மூன்று வருடம் நான் நித்திரை கொண்டதில்லை.

இங்கிலாந்தில் 2016இலிருந்து யாருக்கு எந்த இம்ப்ளான்ட் என்று பதிவேடு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் எப்படியோ, நீங்களே உங்களுக்குப் பதிவேடாக இருங்கள். கார்டைப் படம் எடுத்து மகளின் ஃபோனுக்கும் அனுப்பி வையுங்கள்.

குன்னூர்க் குளிர்

மூன்றாவது வழியில் போனவள் நான். இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டுத் தட்டையாகத் தைத்துக்கொண்டேன். நான்கு வருடம் ஆகிறது.

இதை ‘கடைசி வழி’ மாதிரியே எல்லோரும் பேசுகிறார்கள், அது எனக்கு வருத்தம். எனக்கு அப்போது 58. ஆஸ்பத்திரி வாசம் போதும் என்றிருந்தது. ஒன்றரை மணி நேர ஆபரேஷன், மறுநாள் வீடு. நெஞ்சில் இருந்த பாரம் போன முதல் மூச்சு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெளியே போனால் பஞ்சு வைத்த ப்ரா போடுவேன், வீட்டில் போடமாட்டேன்.

ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். ‘எடுத்துவிடுங்கள்’ என்று மட்டும் சொன்னால், பிற்காலத்தில் மனசு மாறலாம் என்று தோலைத் தொளதொளவென்று விட்டுத் தைத்துவிடுவார்கள். எனக்கு அக்குள் பக்கம் அப்படி ஒரு மடிப்பு நின்று, வியர்வையில் புண்ணாகி, அதை எடுக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் ஆனது. தட்டையாக, மடிப்பில்லாமல் வேண்டும் என்றால் அதை வாய்விட்டுச் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதவும் சொல்லுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. திருச்சி அம்மா, உங்கள் மேல் வருத்தமே இல்லை, என் மாமியாரும் இதையேதான் சொல்கிறார். உங்கள் அக்காவை நினைத்துத்தான் பேசுகிறீர்கள் என்று தெரிகிறது.

பீரோவில் தேடினேன். பழைய ஃபைலில் டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்னால் இம்ப்ளான்ட் விவரம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது! வழவழப்பு வகை. சீரியல் நம்பர் எல்லாம் இருக்கிறது. படம் எடுத்துவிட்டேன். எம்ஆர்ஐயில் கிழியவில்லை, கேன்சரும் இல்லை என்று வந்துவிட்டது.

குன்னூர் அக்கா சொன்னதைப் படித்து இரண்டு நாள் அதையே யோசித்தேன். கண்ணாடி முன் நின்று இடது பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்த்தேன். எனக்கு அது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. காரணம் சொல்லத் தெரியவில்லை. வயிற்றுச் சதை வழிதான் மனசில் நிற்கிறது. சந்தேகங்கள்: எனக்கு இரண்டும் சிசேரியன், குடும்பக்கட்டுப்பாடும் செய்தாயிற்று. அந்த வயிற்றில் எடுக்கமுடியுமா? சர்க்கரை உண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4. கேன்சர் திரும்ப வராமலிருக்கக் கொடுத்த டமாக்சிபென் மாத்திரை சாப்பிடுகிறேன். இன்ஷூரன்ஸில் ‘பிளாஸ்டிக் சர்ஜரிக்குக் கிடையாது’ என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார்கள்.

நைட் டியூட்டி (சென்னை)

சிசேரியன் தழும்பு அடிவயிற்றில் குறுக்காக இருந்தால் பெரும்பாலும் தடை இல்லை. ஏற்கெனவே தொங்கும் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுக்கும் ஆபரேஷன் (டம்மி டக்) செய்தவர்களுக்குத்தான் முடியாது. சிடி ஆஞ்சியோ எடுத்து எந்தக் குழாய் நன்றாக இருக்கிறது என்று வரைபடம் போலப் பார்த்துக்கொள்வார்கள். வயிறு ஒத்துவராவிட்டால் தொடையிலிருந்தும் எடுக்கலாம், முதுகுத் தசையையும் திருப்பிக் கொண்டுவரலாம்; முதுகுச் சதை மட்டும் பலருக்குப் போதாமல் அதனடியில் மறுபடி இம்ப்ளான்ட் வைக்க நேரும்.

சர்க்கரையை முதலில் இறக்குங்கள். 8.4ல் புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும். எங்கள் சர்ஜன் 7.5க்குள் வந்தபிறகுதான் தேதி கொடுப்பார். டமாக்சிபென் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், குழாய் தைக்கும் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது உண்டு. நீங்களாக நிறுத்தாதீர்கள், சர்ஜனும் ஆன்காலஜி டாக்டரும் பேசி நாள் சொல்லட்டும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து லேகியம் எது சாப்பிட்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைக்கிறார்கள், பிறகு தியேட்டரில் ரத்தம் நிற்பதில்லை.

புகையிலை பற்றி யாரும் பெண்களைக் கேட்பதே இல்லை. வெற்றிலையோடு ஒரு துண்டு போடுகிற பழக்கம் இருந்தாலும் குறைந்தது நாலு வாரம் முன்பே விடவேண்டும். நிகோடின் அந்தச் சின்னக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

கோப்புக்காரி (சேலம்)

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் தலையிடுகிறேன், ஏனென்றால் என்னையும் இதே பதிலைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். ஃபோனில் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள்.

பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியில் 08ஆம் எண்ணைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. அழகுக்கான அறுவை சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பணம் கிடையாது என்று தொடங்கும். அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரியைப் படியுங்கள்: விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்பு அதில் அடங்காது. அதாவது உங்களுக்கு உண்டு.

டாக்டரிடம் கடிதம் வாங்கும்போது ‘மார்பக அறுவை சிகிச்சை’ என்று மொட்டையாக எழுதவிடாதீர்கள். 2019ல் புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்டது, ரேடியேஷன் கொடுக்கப்பட்டது, அதனால் கிரேடு 4 இறுக்கம், வலி, தோள் அசைவுக் குறைவு, இது மறுசீரமைப்பின் திருத்தம் என்று வரிசையாக இருக்கவேண்டும். முன்அனுமதிக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. நான் குறைதீர் பிரிவுக்கு எழுதியதிலேயே முடிந்துவிட்டது.

தறிச்சத்தம் (ஈரோடு)

வீட்டு ஏற்பாட்டை நான் சொல்கிறேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முதல் பத்து நாள் நிமிர்ந்து நடக்கமுடியாது, வயிற்றுத் தையல் இழுக்கும், கிழவி மாதிரி குனிந்துதான் நடப்பீர்கள். மட்டமல்லாக்கப் படுக்கமுடியாது, முதுகுக்கு மூன்று, முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை. தரையில் உட்கார்ந்து எழவே முடியாது, அதனால் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் கம்மோடு நாற்காலி முன்பே வாங்கிவிடுங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்த நைட்டி நான்கு, தலைவழியாகப் போடுவது எதுவும் ஆகாது. அன்றாடம் எடுக்கிற மளிகை டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்கி வையுங்கள். ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக்கூடாது, குக்கர் இறக்கக்கூடாது, மாவு ஆட்டக்கூடாது. அதற்கு யார் என்று இப்போதே பேசி வையுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். நாள் போட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் டிரெயின் டியூப். உடம்பிலிருந்து ஊறும் நீர் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் சேரும். நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தபிறகுதான் கழற்றுவார்கள்; பாட்டிலோடுதான் வீட்டுக்கு வருவீர்கள். ஊக்கு வைத்து நைட்டியில் மாட்டிவிடுவார்கள், பாரத்தில் இழுத்து வலிக்கும். என் அம்மா பழைய சுங்கடிச் சேலையைக் கிழித்துச் சுருக்குப் பை தைத்து, நீளமாக நாடா வைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் விபூதிப் பை என்று நினைத்தார்கள். அந்தப் பை இல்லையென்றால் நான் நடந்தே இருக்கமாட்டேன்.

திருச்சி அம்மா

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இவ்வளவு தெரியாது தங்கச்சி. மதுரையில் என் கொழுந்தன் மகள் இருக்கிறாள், சமையல் செய்வாள், ஆறு வாரமும் வந்து இருப்பாள். நான் பேசிவிட்டேன். வேண்டுமென்றால் சொல்.

வைகைக்கரை (மதுரை)

அம்மா, உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. வேண்டும். தனிமடலில் எழுதுகிறேன்.

நேற்று மகள், வீட்டுக்காரர் இரண்டு பேரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், சதை பிழைக்காவிட்டால் அடுத்து என்ன, எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்புவீர்களா, எல்லாம். அவர் கோபப்படவில்லை, உட்கார்ந்து பதில் சொன்னார். தொட்டால் உணர்ச்சி இருக்காது, இருந்தாலும் ஓரளவுதான் என்றார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வராது, ஆறு மாதம் கழித்து ஒரு சின்னத் திருத்தம் தேவைப்படலாம், வேண்டுமானால் கொழுப்பு ஊசி போட்டு நிரப்பலாம், அதில் ஒரு பகுதி கரைந்துபோகும் என்றும் சொன்னார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் முதல் தடவையாக ‘உன் இஷ்டம்’ என்று சொல்லவில்லை. ‘மாவு கடையில் வாங்கிக்கொள்ளலாம்’ என்றார்.

மகள் பரீட்சை முடிந்து ஏப்ரல் கடைசி வாரம். அதற்குள் சர்க்கரையை இறக்கவேண்டும்; காலையில் ரேஸ்கோர்ஸில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். சிடி ஆஞ்சியோ வரும் புதன்கிழமை. முன்அனுமதிக்குக் கடிதம் போட்டாயிற்று.

தறிச்சத்தம் அக்கா, என்னிடமும் ஒரு பழைய சுங்கடி இருக்கிறது. பை எத்தனை தைக்கட்டும்?

தறிச்சத்தம் (ஈரோடு)

எனக்கு மார்புக்கு ஒன்று, வயிற்றுக்கு இரண்டு இருந்தது. அதனால் மூன்று தையுங்கள், நனைந்தால் மாற்ற இன்னும் ஒன்று. நாடாவை நீளமாகவே விடுங்கள், குனிந்து நடக்கும்போது பாட்டில் முட்டியில் இடிக்காமல் அப்புறம் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.